மறு: பழைய காரில் பிற்கால ஆக்சில் – எந்தச் சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய காரில் பிற்கால மாடலின் பின்பக்க ஆக்சிலைப் (சக்கரங்களைத் தாங்கும் தொகுதியை) பொருத்தும் வேலைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'பின்னச்சு மாற்றம்' என்ற சொல்லுக்கு இந்த இழையில் ஆதரவு கூடிக்கொண்டே போகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல் எளிமையானதுதான். ஆனால் நடக்கிற வேலையைத் தவறாகச் சொல்கிறது.

முதலில் 'பின்'. காரின் பின்பக்க ஆக்சிலைப் பற்றித்தான் பேசுகிறோம். அதுவும் காலத்தால் பின்னால் வந்த மாடலின் ஆக்சில். தமிழில் இரண்டுக்கும் 'பின்' பொருந்தும் என்பதால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. அடுத்து 'அச்சு'. குறளிலேயே பாரம் கூடினால் 'அச்சிறும்' என்று வருகிறது, ஆகவே சொல்லின் பழமையில் குறையில்லை. ஆனால் இன்று அச்சு என்றால் அச்சகம், வார்ப்பு, கணக்குப் பாடத்தின் ஆய அச்சு என்று பல பொருள். இன்னொரு மடலில் வந்த 'அச்சேற்றம்' புத்தகத்துக்குத்தான் பொருந்தும்.

மாட்டுவண்டியில் ஆக்சிலுக்கு 'இருசு' என்ற சொல் இருக்கிறது. வேறு பொருளோடு குழம்பாது. இதற்கு எழுந்த மறுப்பு நியாயமானது: வண்டியின் இருசு சுழலாது, சக்கரம்தான் அதன்மேல் சுழலும், காரில் தண்டே சுழல்கிறதே? சரி, காரின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்ப்போம். வெளியே இரும்புக் கூடு. அது சுழலாது, பாரத்தைத் தாங்கி நிற்கும். உள்ளே நடுவில் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும், அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும், இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியலும், அங்கிருந்து இடமும் வலமுமாக ஒவ்வொரு தண்டு. பட்டறையிலும் ஹவுசிங் வேறு, ஷாஃப்ட் வேறு என்று பிரித்தே பேசுகிறார்கள். நாமும் முழுத் தொகுதியை இருசு என்றும், கூட்டை இருசுக்கூடு என்றும், தண்டை இருசுத்தண்டு என்றும் சொன்னால் மறுப்புக்கு இடமில்லை.

இப்போது 'மாற்றம்'. என் முக்கியமான மறுப்பு இதில்தான்.

ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் இருசில் பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவையில் செய்த வாஷர்கள் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குகின்றன. வயதான பாபிட் பொடிந்து உதிரும். உதிர்ந்தால் கிரவுன் வீல் விலகிப் பினியனின் பல்லை விட்டுவிடும். அந்தக் காரில் கால் பிரேக் இருப்பது டிரான்ஸ்மிஷனுக்குள் (கியர் தொகுதிக்குள்), பினியன் வழியாகத்தான் அது சக்கரத்தைப் பிடிக்கும். அதனால் பல் விட்ட நொடியே பிரேக்கும் போய்விடும். ஆகவே வெண்கல வாஷர் போடுகிறார்கள். இதை மாற்றம் என்று தாராளமாகச் சொல்லலாம். காரின் அமைப்பில் எதுவும் மாறவில்லை.

1930களின் ஃபோர்டு காரில் 1949க்குப் பிந்தைய இருசைப் போடுவது அப்படியல்ல. 1948 வரை ஃபோர்டு கார்களின் பின்பக்கம் ஒரே குறுக்குப் பட்டைவில்தான் (வில்வண்டியின் வில்தான் இது, புதிதாக எதுவும் படைக்க வேண்டாம்). சக்கரம் காரை முன்னே தள்ளும் விசை, இருசிலிருந்து முன்னோக்கிப் போகும் டார்க் டியூப் என்ற குழல் வழியாகத்தான் காரின் அடிச்சட்டத்துக்குப் போய்ச் சேரும். 1949இல் அந்தக் குழல் போய்விட்டது. நீளவாக்கில் இரண்டு பட்டைவில்கள் வந்தன, தள்ளுவிசையும் முறுக்கும் அவற்றின்மேல் விழுந்தன. புதிய இருசைப் பழைய சட்டத்தில் கட்டினால் தள்ளுவிசை எந்த வழியாகப் போகும்? குறுக்குவில் மட்டும் அதைத் தாங்காது. தாங்குகோல்கள் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வில்லையே மாற்ற வேண்டும். 1939க்கு முந்தைய ஃபோர்டு என்றால், முன்னால் கம்பி பிரேக், பின்னால் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்ற சிக்கலும் சேரும்.

அப்புறம் பினியன் மூக்கு, அதாவது பினியன் தண்டு கூட்டிலிருந்து முன்னே நீளும் முனை, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. கியர்பாக்சின் வெளித்தண்டும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். அப்போதுதான் இவற்றை இணைக்கும் நீளத் தண்டின் இரு முனையிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டுகள் (கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டுகள்) உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ரத்து செய்யும். அதனால் வில் உட்காரும் மேடைகளைக் கூட்டின்மேல் முதலில் பொட்டுப் பொட்டாகத்தான் பற்றவைப்பார்கள். காரின் முழு பாரத்தையும் சக்கரத்தில் இறக்கிக் கோணத்தைப் பார்த்த பிறகே முழு வெல்டிங். அதையும் ஒரே இழுப்பில் போடக் கூடாது. சிறிது போட்டு ஆறவிட்டு, அப்புறம் மறுபக்கம். சூட்டில் கூடு வளைந்தால் இரு முனைப் பேரிங்குகளும் நேர்கோட்டில் இருக்காது.

இவ்வளவையும் 'மாற்றம்' என்ற ஒரே சொல்லில் அடைப்பது சரியில்லை. காரின் பராமரிப்பேட்டில் 'பின்னச்சு மாற்றப்பட்டது' என்று மட்டும் இருந்தால், அடுத்து வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. பழைய மாடலுக்கு உரிய பிரேக் லைனிங்கையும் ஆயில் சீலையும் வரவழைப்பார், எதுவும் உட்காராது.

ஆகவே என் முன்மொழிவு: காரோடு பிறந்தது 'தன்னிருசு'. வேறு மாடலிலிருந்து வந்தது 'வேற்றிருசு'. வேலையின் பெயர் 'வேற்றிருசு பொருத்தல்'. பொடிந்த வாஷரையோ முழுத் தொகுதியையோ அதே மாடலிலிருந்து போட்டால் அது வெறும் மாற்றம். 'பிற்கால' என்பதைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம், ஆண்டை எழுதினால் போதும்: '1932 சட்டம், 1957 வேற்றிருசு, பல் விகிதம் 3.54'. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றப் பினியன் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதே அந்த விகிதம். அதை விட்டுவிடாதீர்கள். ஃபோர்டு மாடல் ஏ காரின் வழக்கமான 3.78க்குப் பதில் 3.54 வந்தால், அதே சாலை வேகத்தில் எஞ்சின் சுற்று ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். ஓட்டுபவர் முதலில் உணர்வது அதைத்தான்.

'ஒட்டிருசு' என்ற யோசனையும் நன்றாகத்தான் இருந்தது, ஒட்டுமாமரம் போல. ஆனால் ஒட்டு என்றதும் உடைந்ததை ஒட்டவைத்தது என்றும் படிக்கலாம். உடைந்து ஒட்டிய இருசில் யாரும் பயணம் செய்யக் கூடாது.

ஒன்று பாக்கி. இருசுத்தண்டில் 'ஃபுல் ஃப்ளோட்டிங்', 'செமி ஃப்ளோட்டிங்' என்ற வகைகளை 'முழுமிதவை', 'அரைமிதவை' என்று போட்டிருக்கிறார்கள். அங்கே எதுவும் மிதப்பதில்லை. தண்டு பாரத்தையும் சுமந்தால் 'சுமைத்தண்டு', சுழற்றும் வேலை மட்டும் என்றால் 'சுழல்தண்டு' எனலாம். சுமைத்தண்டு முறிந்தால் சக்கரமே கழன்றுவிடக்கூடும், சுழல்தண்டு முறிந்தாலும் சக்கரம் நிற்கும். வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இது. ஆனால் மாடல் ஏ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: பாரத்தைக் கூட்டின்மேல் உள்ள பேரிங் தாங்குகிறது, சக்கரம் சாயாமல் பிடிப்பது தண்டு. இந்த மூன்றாவது வகைக்கு எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. அந்தக் காரின் பின் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பழகியவர்கள் எழுதுங்கள்.