மால்ஃபி டச்சஸ்: இது யாருடைய சோகம்?

பின்வரிசை:
ஆங்கில நாடகாசிரியர் ஜான் வெப்ஸ்டரின் ‘மால்ஃபி டச்சஸ்’ நாடகத்தை எல்லோரும் டச்சஸின், அதாவது இத்தாலியின் மால்ஃபியை ஆளும் கோமகளின், சோகம் என்றே பேசுகிறார்கள், எனக்கு அப்படிப் படவில்லை. விதவையான அவள் அரண்மனைக் காரியஸ்தன் அந்தோனியோவை ரகசியமாக மணக்கிறாள், பிள்ளைகளும் பிறக்கின்றன, சகோதரர்கள் ஃபெர்டினாண்டும் கார்டினலும் (கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் குரு) ஏவி வைத்த ஒற்றன் பொசோலா துப்பறிந்து சொல்ல, கடைசியில் அவன் முன்நின்று அவளைக் கொல்கிறான். அதெல்லாம் நாலாவது அங்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஐந்தாவது அங்கம் பொசோலாவுடையது. மாறுகிறவனும் அவன்தான். டச்சஸ் கடைசிவரை ஒரே மாதிரி. மறுமணம் கூடாது என்று சகோதரர்கள் மிரட்டிவிட்டுப் போன கையோடு கல்யாணம் செய்துகொள்வது என்ன விவேகம்?

நூலகவாசி:
ஒரே மாதிரியா? முதல் அங்கத்தில் மோதிரத்தைக் கழற்றி அந்தோனியோ விரலில் போட்டு, மண்டியிட்டவனை எழுந்திரு என்று சொல்லும்போது அவள் பேச்சில் அதிகாரம் இருக்கிறது. நாலாவது அங்கத்தில் பிணம்போல் செய்த மெழுகு உருவங்களைக் காட்டி, பைத்தியக்காரர்களை ஆடவிட்டு அவளை உடைக்கப் பார்க்கிறார்கள், அப்போதும் ‘நான் இன்னும் மால்ஃபியின் டச்சஸ்தான்’ என்கிறாள். சரி, அது பதவித் திமிர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சாகப்போகும் நேரத்தில் தோழியிடம் என்ன சொல்கிறாள்? சின்னப் பையனுக்கு சளிக்கு மருந்து கொடு, பெண் தூங்குமுன் ஜெபம் சொல்லட்டும் என்கிறாள். அப்புறம், சொர்க்க வாசல் அரண்மனை வாசல் அளவுக்கு உயரமில்லை, முழங்காலிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று சொல்லித் தானே மண்டியிடுகிறாள். பொசோலா மனித உடம்பை வசைபாடி உவமையாகக் கொட்டிக்கொண்டிருக்க, அவள் பேச்சு ஒரு தாய் வீட்டில் பேசுகிற பேச்சாக இறங்கிவிடுகிறது. இதுதான் மாற்றம்.

மெழுகுவத்தி:
காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். நாடகம் மேடையேறியது 1613-14 வாக்கில். இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் உறவுக்காரி ஆர்பெல்லா ஸ்டூவர்ட், 1610-ல் வில்லியம் சீமோரை அரசரின் அனுமதியில்லாமல் மணந்து, 1611-ல் ஆண் வேடத்தில் தப்பிக்கப் பார்த்துப் பிடிபட்டு, அப்போது லண்டன் டவர் கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்தார். 1615-ல் அங்கேயே இறந்தார். பார்க்க வந்தவர்களுக்கு இது நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? அதோடு பாதிரியார் இல்லாமல் இருவர் வாய்ச்சொல்லால் செய்துகொண்ட திருமணமும் அன்றைய இங்கிலாந்தில் செல்லும். அதனால் டச்சஸ் திருட்டுத்தனமாக வாழ்ந்தாள் என்று தள்ளிவிட முடியாது.

பின்வரிசை:
ஆர்பெல்லாவுக்கு அரியணை உரிமை இருந்தது, அது அரசியல். இந்தக் கதை இத்தாலியில் உண்மையாக நடந்தது. நாடகத்து அந்தோனியோவின் அசலான அந்தோனியோ போலோன்யா என்பவர் 1513-ல் மிலானில் கொல்லப்பட்டார். அதை 1567-ல் ஆங்கிலத்தில் தந்த வில்லியம் பெயின்டரே டச்சஸைக் கண்டிக்கிறார்.

நூலகவாசி:
பெயின்டர் கண்டிக்கிறார், வெப்ஸ்டர் கண்டிக்கவில்லை, கவனியுங்கள். அவளைப் பழிக்கும் வார்த்தைகளை யார் வாயில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். முக்கியமாக ஃபெர்டினாண்ட் வாயில்! சகோதரியின் படுக்கையை நினைத்து நினைத்து வெறியேறுகிறவன் கடைசியில் தன்னை ஓநாய் என்று நம்பி, நள்ளிரவில் ஒரு மனிதக் காலைத் தோளில் போட்டுக்கொண்டு அலைகிறான், ஓநாய்க்கு மயிர் வெளியே, எனக்கு உள்ளே என்கிறான். பழிக்கிறவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் ஆசிரியர் யார் பக்கம்? உங்கள் பொசோலாவும் கொலை முடிந்ததும் முதலில் கேட்பது கூலி. அதைக் கொடுக்க ஃபெர்டினாண்ட் மறுத்த பிறகுதான் வருந்துகிறான்.

பின்வரிசை:
கூலிதான் காரணம் என்றால், செத்துவிட்டாள் என்று நினைத்தவள் ஒரு கணம் கண் திறந்தபோது, அந்தோனியோ உயிரோடிருக்கிறான், நீ பார்த்த பிணங்கள் பொய் உருவங்கள் என்று ஏன் சொன்னான்? சகோதரர்களோடு சமாதானமாகிவிட்டான் என்று ஒரு பொய்யையும் ஏன் சேர்த்தான்? அந்த இடத்தில் அவனுக்கு ஒரு காசு லாபமில்லை, கேட்க அவளைத் தவிர யாருமில்லை. அவள் நிம்மதியாகச் சாகட்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.