தண்ணீரில் தேடும்போது டிடெக்டர் ஸ்பீக்கருக்குள் மணல்: எடுப்பது எப்படி, தடுப்பது எப்படி?

அலைவாய்:
கன்ட்ரோல் பாக்ஸோடு மூன்று மீட்டர் ஆழம் வரை முக்கலாம் என்ற வகை மெட்டல் டிடெக்டர். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, திரையும் பட்டன்களும் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஸ்பீக்கர்தான் பிரச்சினை. இரும்புக்கு வரும் தாழ்ந்த டோனில் சருகை மிதித்தது போல கரகரவென்கிறது. உயர்ந்த டோன் சுத்தமாக இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டைகளுக்குள் கறுப்பாகப் பொடி ஒட்டியிருக்கிறது, கழுவியும் போகவில்லை. உள்ளே போனதை எப்படி எடுப்பது? இனிமேல் போகாமல் இருக்க மேலே எதை ஒட்டலாம்?

காந்தக்கல்:
அந்தக் கறுப்புப் பொடிதான் விஷயம், நண்பரே. சாதாரண மணல் நாலு தடவை தண்ணீரில் குலுக்கினால் உதிர்ந்துவிடும். கருமணலில் உள்ள மேக்னடைட், அதாவது காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாது, உதிராது. ஸ்பீக்கரின் காந்தம், சத்தத்துக்காக அதிரும் சவ்வுக்குப் பின்னாலேயே இருப்பதால், நுழைந்த ஒவ்வொரு துணுக்கையும் சவ்வின் மேல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. தாழ்ந்த டோனில் சவ்வு அதிகம் அசையும், துணுக்குகள் துள்ளும், கரகரப்பு வரும். உயர்ந்த டோனில் அசைவு ரொம்பச் சிறியது, அதனால் காதுக்குத் தெரிவதில்லை.

ஊசி, பல்குச்சி, கம்ப்ரசர் காற்று மூன்றையும் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதே அந்தச் சவ்வுதான். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் அடுத்த முக்கலில் போர்டு போய்விடும்.

வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில், ஸ்பீக்கர் கீழே பார்க்க, 15 நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்த உப்பு மணலைச் சிமென்ட் போலப் பிடித்துவைத்திருக்கும், முதலில் அது கரைய வேண்டும். பிறகு வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்றைப் பாலிதீன் பையில் சுற்றி, தண்ணீருக்குள்ளேயே கிரில்லுக்கு (ஸ்பீக்கரின் ஓட்டை மூடிக்கு) 2 அல்லது 3 மி.மீ. பக்கத்தில் கொண்டுபோய், மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தி வெளியே எடுங்கள். பையிலிருந்து காந்தத்தை உருவினால் பொடி தானாகக் கொட்டிவிடும். இதைப் பத்துப் பதினைந்து தடவை செய்ய வேண்டியிருக்கும். உள்ளிருக்கும் காந்தத்தோடு போட்டி என்பதால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தமெல்லாம் ஜெயிக்காது. காய்ந்த நிலையில் செய்யவே செய்யாதீர்கள், துணுக்கு இழுபட்டு சவ்வைக் கீறிவிடும்.

கடைசியாகத் தண்ணீரை உதறிவிட்டு, ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பிடித்து தாழ்ந்த டோனை ஒரு நிமிடம் ஒலிக்கவிடுங்கள். அதிர்வில் மிச்சம் இளகும், மறுபடி காந்தம். அதன் பிறகும் கரகரத்தால் ஸ்பீக்கரை மாற்றுவதுதான் வழி.

நுண்வலை:
தடுப்பு பற்றி. நுண்மணல் 125 முதல் 250 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும், கருமணல் பெரும்பாலும் அதைவிடப் பொடி. 80 மைக்ரான் நைலான் வலை பெரும்பகுதியைத் தடுக்கும். ஆனால் ஒரு சிக்கல்: வலைக்கண் சின்னதானால் நனைந்ததும் ஒவ்வொரு கண்ணிலும் தண்ணீர்ப் படலம் நின்றுவிடும், சத்தம் தலையணைக்கு அடியில் இருந்து வருவது போல் ஆகிவிடும். பாக்ஸைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினால் பெரும்பாலும் தெளியும். ஒவ்வொரு அலைக்கும் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்றால் வலை உங்களுக்குச் சரிப்படாது.

அதைவிட மெல்லிய பாலியெஸ்டர் ஃபிலிம் நல்லது, 12 முதல் 25 மைக்ரான் வரை. அதையும் விறைப்பாக இழுத்து ஒட்டக்கூடாது, சற்றே தளர்வாக விட வேண்டும். அப்போதுதான் அதுவே இரண்டாவது சவ்வாக அதிர்ந்து சத்தத்தைக் கடத்தும். கிரில்லைச் சுற்றி 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டு, ஓட்டைகளுக்கு வெளியே 8 மி.மீ. அகலத்தில் இரட்டைப் பக்க டேப்பை வளையமாக ஒட்டி, அதன் மேல் ஃபிலிமை வையுங்கள். டேப் ஓட்டைகளின் மேல் வரக்கூடாது. ஃபிலிம் கசங்கியதும் பிய்த்து மாற்றிவிடலாம்.

ஃபோன்களில் வரும் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) ஒலிச்சவ்வு ஸ்டிக்கரும் நன்றாக வேலை செய்யும். சோப்போ, கையில் தடவிய சன்ஸ்கிரீனோ பட்டால் மட்டும் அதன் நீர்விலக்கும் தன்மை கெட்டுவிடும்.

சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி வெள்ளையாகப் படியும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானும் வேண்டாம், அது செம்பை அரிக்கும்.

அலைவாய்:
நன்றி. இவ்வளவு மெனக்கெடாமல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பையே ஓட்டைகளின் மேல் ஒட்டிவிட்டால்?

காந்தக்கல்:
கரையில் மட்டும் நடந்தால் ஒட்டலாம். சத்தம் நன்றாகவே குறையும், பசை ஓட்டைக்குள் இறங்கி அதுவே மணலைப் பிடிக்கும். தண்ணீருக்குள் டேப்பின் ஓரம் கிளம்பியதும் அடியில் மணல் புகும், திரும்ப வெளியே வர வழியிருக்காது. திறந்த ஓட்டையைவிட மோசமான நிலை அது. சில மாடல்களில் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே அழுத்தத்தைச் சமன் செய்யும் சின்ன ஓட்டை இருக்கும். எதை ஒட்டினாலும் அதை மூடிவிடாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. வெயிலில் கிடந்து 50 டிகிரிக்குச் சூடேறிய பாக்ஸை 25 டிகிரி தண்ணீரில் முக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அழுத்தம் கிட்டத்தட்ட 8 சதவீதம் குறையும். கிட்டத்தட்ட 80 செ.மீ. ஆழத்தில் பிடித்ததற்குச் சமம், அதுவும் நீங்கள் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதே. சவ்வு உள்வாங்கும், பலவீனமான சீல் இருந்தால் ஈரமும் உள்ளே போகும். பத்து நிமிடம் நிழலில் வைத்துவிட்டு இறங்குங்கள்.

ஆழ்துழாவி:
பாக்ஸ் முழுக்க மூழ்கும் வேலை என்றால் ஸ்பீக்கரை நம்பவே வேண்டாம். நீர்புகா ஒயர் ஹெட்போன்தான். வயர்லெஸ் வேலைக்கு ஆகாது, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை கடல்நீரில் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஹெட்போன் செருகினால் பல மாடல்களில் ஸ்பீக்கர் தானாக அணைந்துவிடும். அப்போது கிரில்லை ஃபிலிமுக்கு மேல் 3 மி.மீ. ஃபோம் வைத்து முழுதாக மூடிவிடலாம், சத்தத்தைப் பற்றிக் கவலையில்லை.

ஹெட்போன் இல்லாதபோது சாக்கெட் மூடியை விரலால் அழுத்தித் திருகிவிட்டு இறங்குங்கள், ஒரே ஒரு மணல்துணுக்கு ஓ-ரிங்கில் (மூடியின் ரப்பர் வளையத்தில்) உட்கார்ந்தாலும் கசியும். காந்த சார்ஜிங் முனை உள்ள மாடல் என்றால் அங்கேயும் இதே கருமணல்தான் குவியும். கழுவி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். உப்பீரத்தோடு போட்டால் அந்த முனை பச்சையாக அரித்துப்போகும்.