சிவியை (சுயவிபரக் கோவையை) இரண்டு பக்கத்துக்குள் சுருக்க உதவுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். இருப்பது வெள்ளவத்தையில். புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் மொத்தக் கடையில் நாலு வருடம் கணக்குப் பார்த்தேன். இப்போது கம்பனியொன்றில் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்.

கொமியூனிகேஷனில் (டைப் அடித்து, போட்டோகொப்பி எடுத்துத் தரும் கடையில்) அடித்துத் தந்த சிவி நாலு பக்கம். முதல் பக்கம் முழுக்க அடையாள அட்டை இலக்கம், மதம், ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு ஒன்பது பாடத்துக்கும். வேலை பற்றி ஒரே வரி: ‘கணக்கு வேலைகள் செய்தேன்.’ வாசித்தால் எனக்கே என்னை எடுக்க மனம் வராது!

உண்மையில் சம்பளம், வங்கி இணக்கக் கூற்று (கடைக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது), கடனுக்குச் சாமான் எடுத்தவர்களின் நிலுவை எல்லாம் நான்தான். ‘14 ஊழியரின் சம்பளப் பட்டியலைத் தயாரித்து, ஈபிஎப் (8+12 வீதம்), ஈடிஎப் (3 வீதம்) பணத்தை மாதாமாதம் தவணைக்குள் கட்டினேன்’ என்று எழுதிப் பார்த்தேன். (ஈபிஎப் என்றால் ஊழியர் சேமலாப நிதி, 8 ஊழியர் பங்கு, 12 முதலாளி பங்கு; ஈடிஎப் ஊழியர் நம்பிக்கை நிதி.) சரியா, பீற்றிக்கொள்வதுபோல் இருக்கிறதா?

மற்றது, அம்மாவின் சத்திரசிகிச்சைக்காக எட்டு மாதம் வீட்டில் நின்றேன். அதைச் சொல்லவா, விடவா? பழைய முதலாளி எனக்கு மாமா முறை. சிவியில் நம்மைப் பற்றி விசாரிக்கக்கூடியவர்களின் பெயர் போடும் ‘உறவினரல்லாத இருவர்’ என்ற இடத்தில் அவரைப் போடலாமா?

ஆள் எடுக்கும் பகுதியில் இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவி. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.