பிரிண்ட்கே_சேஃப்: "பாதுகாப்பான பதிவு" வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

> பிரிண்ட்கே_சேஃப் = பாதுகாப்பான பதிவு, காப்புப் பதிவு, தனிக்கலப் பதிவு

பிரிண்ட்கே (printk) என்பது லினக்ஸின் உட்கருவான கெர்னல், தன் செய்திகளைப் பதிவுசெய்ய அழைக்கும் செயற்கூறு. அதன் பிரிண்ட்கே_சேஃப் ஏற்பாட்டுக்கு அகராதிக்காக முன்வைக்கப்பட்ட மேலுள்ள மூன்று சொற்களிலும் எனக்கு உடன்பாடில்லை. "பாதுகாப்பான பதிவு" என்று படிப்பவர், கடவுச்சொல் கசியாமல் எழுதும் பதிவு என்றுதான் எடுத்துக்கொள்வார். "காப்புப் பதிவு" என்றால் பேக்கப். லினக்ஸில் அந்த "சேஃப்" சொல்வது வேறு: செய்தி எழுதப் போன இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. (கெர்னலைக் கெர்னல் என்றே எழுதுகிறேன். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

எங்கே மாட்டும்? பழைய கெர்னலில் எல்லாச் செய்தியும் ஒரே இடையகத்துக்கு (செய்திகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) போகும், அதற்கு ஒரே பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் எழுதவிடும் ஏற்பாடு). பூட்டை எடுக்கும்போதே அந்த சிபியுவில் குறுக்கீடுகளை (ஓடும் நிரலை இடைநிறுத்தி, தன்னைக் கவனிக்கச் சொல்லி வன்பொருள் அனுப்பும் குறிப்புகள்) நிறுத்திவிடுவார்கள். ஆகவே வலையட்டையோ விசைப்பலகையோ எழுப்பும் சாதாரணக் குறுக்கீடு நடுவில் நுழையாது. என்எம்ஐ (NMI) என்ற தனிவகைக் குறுக்கீட்டை அப்படி நிறுத்திவைக்க முடியாது. பூட்டைக் கையில் வைத்திருக்கும் நிரலின் தலைமேலேயே வந்து இறங்கும். அதன் கையாளி (குறுக்கீடு வந்ததும் ஓடும் நிரல்) ஒரே ஒரு வரி எழுத பிரிண்ட்கேயை அழைத்தாலும் போதும், பூட்டு கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். பூட்டை விட வேண்டிய நிரலோ, கையாளி முடிந்தால்தான் மறுபடி ஓடும். இரண்டும் ஒரே சிபியுவில். இயந்திரம் அப்படியே உறைந்துவிடும். கொடுமை என்னவென்றால், எல்லா சிபியுக்களும் எங்கே நிற்கின்றன என்று எழுதவைக்கத்தான் பல நேரம் என்எம்ஐ-யையே அனுப்புகிறோம்.

2016-இல் லினக்ஸ் 4.7 வெளியீட்டில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். என்எம்ஐ-க்குள் எழுதுவது அந்தந்த சிபியுவுக்கான தனி இடையகத்துக்குப் போகும். பிறகு சமயம் பார்த்துப் பொது இடையகத்தில் கொட்டப்படும். 2017-இல் 4.11-இல் அதையே விரித்து, பிரிண்ட்கே ஓடும்போது அதற்குள்ளிருந்தே இன்னொரு பிரிண்ட்கே அழைக்கப்படும் சிக்கலையும் சேர்த்துச் சமாளித்தார்கள். பிரிண்ட்கே_சேஃப் என்ற பெயர் அப்போது வந்தது. தனி இடையகத்தின் அளவு இயல்பாக 8 கிலோபைட். நிரம்பிவிட்டால் மிச்சம் போனது போனதுதான். எத்தனை செய்தி தொலைந்தது என்ற கணக்கு மட்டும் கிடைக்கும்.

"தனிக்கலப் பதிவு" தனி இடையகங்கள் இருந்த அந்தக் காலத்துக்குப் பொருந்தும். ஆனால் 2020 கடைசியில் 5.10-இல் பூட்டே தேவைப்படாத வளைய இடையகம் (நிரம்பினால் பழைய செய்தியின் மேலேயே புதியது எழுதப்படும் இடையகம்) வந்தது. அடுத்த ஆண்டு 5.15-இல் தனி இடையகங்களை எடுத்தே விட்டார்கள். கலம் போயும் பிரிண்ட்கே_சேஃப் என்ற பெயர் மூலநிரலில் இன்னும் இருக்கிறது. எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பெயராக்கினால் இப்படித்தான் நாலு வருடத்தில் பழசாகும். என்ன உறுதி தருகிறார்கள் என்பதைப் பெயராக்கினால் நிற்கும். எனவே என் முன்மொழிவு: காத்திராப் பதிகை. முதலில் "முட்டாப் பதிவு" என்றுகூடத் தோன்றியது. ஒரு "ள்" விட்டுப்போனதோ என்று எல்லோரும் கேட்பீர்கள். "பதிவு" இணையத்தில் வேறு வேலையில் இருப்பதால் "பதிகை".

"பூட்டிலா" என்பதை அந்த வளைய இடையகத்துக்கு மட்டும் ஒதுக்கிவைப்போம்.

---

வணக்கம் ஐயா. காத்திராப் பதிகை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். பிரிண்ட்கே செய்வது இரண்டு வேலை: இடையகத்தில் எழுதுவது, கன்சோலுக்கு (செய்தி வெளியே தெரியும் திரை அல்லது கம்பித் தொடர்பு) அனுப்புவது. முதல் வேலை காத்திராது, சரி. இரண்டாவது? சீரியல் கன்சோல் 115200 பாடில் (வினாடிக்கு அத்தனை பிட், ஓர் எழுத்துக்கு 10 பிட்) ஓடினால் வினாடிக்கு 11,520 எழுத்துதான் போகும். 80 எழுத்துள்ள ஒரு வரிக்கே ஏறத்தாழ 7 மில்லிவினாடி. குறுக்கீட்டுக் கையாளிக்குள் அது ஒரு யுகம். சாதாரணக் குறுக்கீட்டில் பூட்டு முட்டாவிட்டாலும் இந்தத் தாமதம் உண்டே. எல்லாவற்றையும் "காத்திரா" என்று சொன்னால், புதிதாக வன்பொருள் டிரைவர் நிரல் எழுதும் பிள்ளைகள் கையாளிக்குள் வரி வரியாகக் கொட்டிவிடுவார்கள்.

---

நியாயமான கேள்வி அம்மா. அதனால்தான் "பதிகை" இடையகத்தோடு நிற்க வேண்டும் என்கிறேன். கன்சோலுக்குப் போவதை "வெளியீடு" என்போம். பிரிண்ட்கே_டிஃபர்ட் என்பது இடையகத்தில் உடனே எழுதிவிட்டு, கன்சோலைப் பிறகு பார்த்துக்கொள்வது. அதற்கு "ஒத்திவைத்த வெளியீடு" சரியாக வரும், "ஒத்திவைத்த பதிகை" தப்பு. கன்சோல் வெளியீட்டைத் தனி இழையிடம் (பின்னணியில் தனியே ஓடும் நிரல்) விடும் ஏற்பாடு அண்மைய கெர்னல்களில் வந்துவிட்டது. நிகழ்நேர லினக்ஸ் (குறித்த நேரத்துக்குள் பதில் தர வேண்டிய வேலைகளுக்கானது) 2024-இல் 6.12-இல் முதன்மை மூலநிரலில் சேரும்வரை, வழியில் நின்ற பெரிய தடைகளில் பிரிண்ட்கேயும் ஒன்று. தடை பெரும்பாலும் நீங்கள் சொல்லும் இந்த வெளியீட்டுப் பக்கம்தான்.

அகராதிக்கு நான் அனுப்பப்போவது: காத்திராப் பதிகை, ஒத்திவைத்த வெளியீடு, பூட்டிலா வளைய இடையகம். என்எம்ஐ-க்கு "தடுக்கவியலாக் குறுக்கீடு" என்று ஒருவர் எழுதியிருந்தார், அதையும் சேர்க்கிறேன். மேலே சொன்னபடி உறைந்து நிற்கும் டெட்லாக்குக்கு "முட்டுக்கட்டை" என்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அது ஒருவர் போடுவது. இங்கே இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காத்துக் கிடக்கிறார்கள். வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.