காற்று தள்ளிய கட்டையும் நீரோட்டம் சுமந்த கட்டையும்

பல வருஷமாக ஒரே கடற்கரையில் நடக்கிறேன். தென்மேற்குப் பருவத்தில் கடலில் மிதந்து வரும் கட்டைகள் ஒரு முனையில் குவியும். வடகிழக்குக் காற்று பிடித்ததும் மறுமுனையில் ஒதுங்கும். வட இந்தியப் பெருங்கடலில் பருவக்காற்று மாறும்போது நீரோட்டமும் திசை திரும்பிவிடும். நீரோட்டத்தை மீனவர்கள் நீவாடு என்பார்கள்.

போன மாதம் இருபதடி இடைவெளியில் இரண்டு மரங்கள் கிடந்தன. ஒன்று வேரோடு பெயர்ந்தது. பட்டை உரியவில்லை, வேரிடுக்கில் செம்மண்கூட ஒட்டியிருந்தது. ஆற்று வெள்ளத்தில் கடலுக்கு வந்து, நீருக்கு மேலே துருத்திய வேர்க்கொத்து பாய்போலக் காற்றைப் பிடிக்க, சீக்கிரமே கரை சேர்ந்திருக்க வேண்டும். மற்றது நீரில் ஊறி இரும்பாகக் கனத்தது. அடிப்பக்கம் முழுக்கக் காம்புள்ள கொட்டலசுகள், விரல் நீளத்துக்கு. மிதக்கும் பொருள்களில் ஒட்டி வளர்கிற, ஓடுள்ள கடலுயிர் அது. ஒரு ஓரத்தைக் கீறிப் பார்த்தேன்: உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல வளைந்து வளைந்து துளைகள். கப்பல் புழுவின் வேலை. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். இவ்வளவு தாழ மிதக்கும் கட்டையில் காற்றுக்குப் பிடி கிடைக்காது. நீரோட்டம்தான் வாரக்கணக்கில் சுமந்து வந்திருக்கும். அருகருகே கிடப்பதால் ஒரே வழியாக வந்தவை என்று எண்ணிவிடக் கூடாது.

*

அந்த இரண்டு மரங்களைப் பற்றி நீங்கள் சொன்னதும் எனக்கு ஐஸ்லாந்தின் வடகரை நினைவுக்கு வந்தது. மரங்கள் குறைந்த நாடு, ஆனால் கரையெல்லாம் வெளுத்த ஊசியிலை மரங்கள். சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளியவைதான் பெரும்பாலும். வெறும் நீரில் மிதந்தால் அந்த வகை மரம் ஓரிரு ஆண்டில் ஊறி மூழ்கிவிடும். கடல்பனியில் உறைந்து, பனியோடு நகர்ந்து ஆர்க்டிக்கைக் கடக்கிறது. 1881-ல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கிய ஜீனெட் கப்பலின் பொருள்கள் 1884-ல் கிரீன்லாந்துக் கரையில் கிடைத்தன. அதையும் ஒதுங்கிய மரங்களையும் வைத்து, பனி ஆர்க்டிக்கின் குறுக்கே நகர்கிறது என்று கணித்துத்தான் நார்வே ஆய்வாளர் நான்சென் 1893-ல் பிராம் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டுப் பயணம் போனார். ஐஸ்லாந்துக் கரையில் அப்படி ஒதுங்கிய கட்டை ஒன்றைத் தொட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

*

உங்கள் இருவரின் கதைகளுக்கு முன்னால் என் அனுபவம் சின்னது. புயல் அலையும் பௌர்ணமி ஓதமும் சேர்ந்த இரவில் ஒரு பெரிய அடிமரம் கரைமேட்டில் ஏறி நின்றது. அடுத்த இரண்டு வருஷமும் எந்த அலையும் அதை எட்டவில்லை. அப்புறம் காற்று மணலை அதன் பின்னால் சேர்த்தது, அடப்பங்கொடி படர்ந்தது. இப்போது மரத்தின் ஒரு முனை மட்டும்தான் வெளியே தெரிகிறது.