பாய்மரப் படகில் பிஜி: லாவ் தீவுகள் போய் வந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. வரும் மே மாதம், புயல் காலம் முடிந்த கையோடு, நியூசிலாந்தின் ஒபுவாவிலிருந்து நண்பரின் பாய்மரப் படகில் நாங்கள் நான்கு பேர் பிஜிக்குக் கிளம்புகிறோம். பிஜிக்கு வருவதை முன்கூட்டியே தெரிவிக்கும் படிவம், குடிவரவு, சுங்கம், தாவர விலங்குச் சோதனை எல்லாம் படித்தாயிற்று, அதில் குழப்பமில்லை.

குழப்பம் பிஜியின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் லாவ் தீவுகளில்தான். நுழைவுத் துறைமுகத்தில் பதிவு முடிக்காமல் வழியில் எங்கும் நங்கூரம் போடக்கூடாது என்பதால், லாவைத் தாண்டி சவுசவுவோ சுவாவோ போய், அப்புறம் தென்கிழக்குக் காற்றை எதிர்த்துத் திரும்பி வரவேண்டும். எந்தத் துறைமுகத்திலிருந்து திரும்புவது எளிது? காற்று தணியும் நாளுக்காக எவ்வளவு காத்திருந்தீர்கள்?

இன்னொன்று, ஊர்த் தலைவருக்குக் காவா (பானம் தயாரிக்கும் ஒரு செடி) வேர்க் கட்டு கொடுத்து அனுமதி கேட்கும் செவுசெவு சடங்கு. அவர்கள் கடலில், அவர்கள் வீட்டு வாசலில் நிற்கப்போகிறோம், அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. வேரை எங்கே வாங்கினீர்கள், ஒரு ஊருக்கு எவ்வளவு, பெண்கள் என்ன உடுத்துவது, யாரிடம் முதலில் பேசுவது? நேரில் போனவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.