வெர்மான்ட் பையன்களின் 2024 சீசன்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பர்லிங்டனுக்குக் குடிவந்து ஆறு வருடமாகிறது. எசெக்ஸ் ஜங்ஷன் சிப் ஆலையில் வேலை. அமெரிக்காவின் இந்த வெர்மான்ட் மாநிலம் மொத்தத்துக்கும் ஆறரை லட்சம் பேர்தான். பெரிய லீக் அணி எதுவும் கிடையாது. பல்கலைக்கழகத்து ஆண்கள் கால்பந்து அணிதான் என் மகனுக்கு எல்லாமே. மேட்ச் இருந்தால் விர்ச்சூ ஃபீல்டில்தான் இருப்போம்.

2024 நவம்பரில் கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டியின் முதல் சுற்று இங்கேயே நடந்தது. அயோனாவை 5-0 என்று அடித்தார்கள். விரல் மரத்துப்போகும் குளிர். முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வேலி ஓரமாக வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். ஒருவர் முழங்காலில் தோல் வழண்டு, செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் துகள் அதிலேயே ஒட்டிக்கிடந்தது. அதைத் தட்டிவிடக்கூட இல்லை, என் மகனிடம் குனிந்து, "நீ எந்த இடத்தில் ஆடுவாய்?" என்றார். "லெஃப்ட் பேக்." "அப்படியானால் பந்து வருவதற்கு முன்னால் ஒரு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்." அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து இவன் திரும்பிப் பார்க்காமல் பந்தை வாங்குவதே இல்லை.

போட்டியில் 48 அணிகள். அதில் 16 அணிகளுக்குத் தரவரிசை உண்டு. நம்மவர்களுக்கு அதில் இடமில்லை. அதனால் அதற்கப்புறம் சொந்த மைதானம் என்ற பேச்சே இல்லை. ஹாஃப்ஸ்ட்ரா, சான் டியாகோ, காலிறுதியில் இரண்டாம் இடத்துப் பிட்ஸ்பர்க் என்று ஒவ்வொன்றாகச் சாய்த்தார்கள். அரையிறுதியில் டென்வரைப் பெனால்டியில் வென்றபோது என் மனைவி டிவி முன்னால் நிற்கவே மாட்டேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வட கரோலினாவில் நடந்த ஃபைனலுக்குப் போக முடியவில்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது எழுதுங்களேன்.

*

அண்ணா, நான் ஃபைனல் நடந்த கேரி ஊரிலேயேதான் இருக்கிறேன். வேக்மெட் மைதானம் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். டிசம்பர் 16, திங்கட்கிழமை ராத்திரி. ஆபீஸ் முடிந்து நேராகப் போனேன். எந்த அணியும் எனக்குச் சொந்தமில்லை, சும்மா பார்க்கத்தான் போனேன். ஆனால் பச்சைச் சட்டை போட்ட வெர்மான்ட் ரசிகர்கள் பக்கம் உட்கார்ந்ததும் அவர்களில் ஒருவனாகிவிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி வெர்மான்டிலிருந்து காரிலேயே வந்தவர்.

நம் ஊர் கால்பந்தில் நேரம் ஏறும். இங்கே கல்லூரி ஆட்டத்தில் 45-லிருந்து இறங்கும். எதிரணியான மார்ஷல் பல்கலைக்கழகம் 1-0 முன்னால் இருக்க, அந்தக் கடிகாரம் இறங்குவதைப் பார்க்க நெஞ்சு அடித்துக்கொண்டது. 81-வது நிமிடம் வெர்மான்டின் யானிவ் பசினி சமன் செய்தார். கூடுதல் நேரம். முதல் கோல் போட்டவனுக்குக் கோப்பை.

95-வது நிமிடம். வெர்மான்டின் மாக்சிமிலியன் கிஸ்ஸலுக்கு முன்னால் ஒரே ஒரு தடுப்பாட்டக்காரர். இருவரும் மோதிக்கொண்டார்கள், கிஸ்ஸல் மட்டும் நிற்கிறார். கோலியும் வெளியே ஓடி வந்துவிட்டார். அவரைச் சுற்றிக்கொண்டு போய், ஆளில்லாத வலையில் மெதுவாகத் தள்ளினார். பந்து உருண்டு போன அந்த ஒரு நொடி, மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டி என் கையை விடவே இல்லை, அழுதுகொண்டே இருந்தார். பனிச்சறுக்கைத் தவிர வேறெதிலும் அந்தப் பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வாங்கியதில்லை என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

*

நான் ஹண்டிங்டனில் மார்ஷலில் எம்.எஸ். படித்தவன். அந்த ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. 2021 மே மாதம் அதே மைதானத்தில், அதே கூடுதல் நேரத்தில்தான் நாங்கள் இந்தியானாவை 1-0 என்று வென்று கோப்பை வாங்கினோம். கிஸ்ஸல் கோலியைத் தாண்டியதுமே எழுந்து ஹாலை விட்டுப் போய்விட்டேன், பந்து உள்ளே போனதைப் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் பையன்கள் உழைத்து வாங்கியது, மனதார வாழ்த்துகிறேன்.

*

தம்பி, நன்றி. உங்கள் வலி புரிகிறது. கேரித் தம்பி, அந்தப் பாட்டியின் கையைப் பிடித்திருந்ததற்கு உங்களுக்கும். மறுநாள் செவ்வாய், பள்ளி உண்டு. மகன் பச்சை ஜெர்சியை ஸ்வெட்டருக்கு மேலே போட்டுக்கொண்டு, கோட்டுப் பொத்தானைப் போடாமலேயே பஸ் ஏறினான்.